பேச்சு எளிது, பாடம் அரிது - ஏன்?

மாணவ நண்பர்களே, கையில் ஒரு நாணயம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செங்குத்தாக மேலே சுண்டுங்கள். நாணயம் விரலை விட்டுப் புறப்பட்டுவிட்டது; உச்சியை இன்னும் எட்டவில்லை; நடுவழியில் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் அதன்மீது செயல்படும் விசைகள் யாவை? காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேற்கொண்டு படிக்குமுன் ஒரு தாளில் சிறு வட்டம் வரைந்து, விசைகளை அம்புக்குறிகளாகப் போட்டு வையுங்கள்.

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் இக்கேள்வியைக் கேட்டு வருகிறேன். பெரும்பாலோர் இரண்டு அம்புகள் போடுகிறார்கள். கீழ்நோக்கி ஒன்று; அது புவியீர்ப்பு விசை. மேல்நோக்கி மற்றொன்று, அது "கை கொடுத்த விசை". நாணயம் ஏறுகிறதே, ஆகவே மேல் அம்பு சற்று நீளமாகவே இருக்கும்! சரியான விடையோ ஒரே ஓர் அம்புதான், அதுவும் கீழ்நோக்கியது. விரலை விட்டு விலகிய கணத்திலேயே விரலின் விசை முடிந்துவிட்டது. அதன்பின் நாணயத்துக்கு மேல்நோக்கிய திசைவேகம் உண்டு. மேல்நோக்கிய விசை கிடையாது.

இவ்வாறு தவறாக வரைபவர்கள் நியூட்டனின் மூன்று விதிகளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவர்கள். மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அன்று இது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட், 1982-இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் மாணவர்களிடம் இதே நாணயக் கேள்வியைக் கேட்டிருந்தார். பெரும்பாலோர் தவறினர். இயக்கவியல் பாடத்தை முழுமையாகப் படித்து முடித்தவர்களிலும் பெரும்பாலோர் தவறினர்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்த அம்புக் கணக்கில் இரண்டு முறை சறுக்கிய ஒரு மாணவன் துறை அறைக்கு வந்து நின்றான். "எனக்கு இது வராது சார். பத்தாவது படிக்கும்போதே எங்க வாத்தியார் சொல்லிட்டார், உங்க பரம்பரைக்கே படிப்பு ஏறாதுன்னு" என்றான். நான் ஏதோ பொதுவாக ஆறுதல் சொல்லி அனுப்பினேன். சில நாட்களில் அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. பின்னர்தான் உளவியல் அறிஞர்களின் கட்டுரைகளில் படித்தேன்.

யாரும் கற்பிக்காத பாடம்

அந்த மாணவன் மூன்று வயதில் என்ன செய்துகொண்டிருந்தான்? தமிழ் பேசிக்கொண்டிருந்தான். "அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், பூனை வந்தது" என்று பேசும் குழந்தை திணை, பால், எண், இடம், காலம் ஆகிய ஐந்தையும் ஒரு சொல்லின் வாலிலே பொருத்திவிடுகிறது. இலக்கண ஆசிரியர் எவரும் அதன் வீட்டுக்கு வரவில்லை. வீட்டுப் பாடம் இல்லை, தேர்வு இல்லை, பிரம்பும் இல்லை. சுற்றிலும் மனிதர்கள் பேசினார்கள். குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. அதே குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவோ ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறது. பேச்சோ, எழுத்தைவிடப் பன்மடங்கு சிக்கலானது. பிறகு ஏன் இந்தத் தலைகீழ் நிலை?

மிசௌரி பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் கியரி, 1995-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நாம் பெறும் அறிவை அவர் இரு வகையாகப் பிரித்தார். பேசுதல், முகங்களை அடையாளம் காணுதல், வந்த வழியை நினைவில் வைத்தல், ஒன்று இரண்டு மூன்று எனச் சிறு எண்ணிக்கையைக் கண்ணாலேயே அறிதல் போன்றவை முதல்நிலை அறிவு. இவற்றில் தேறியவர்கள் பிழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாம். எனவே இவற்றைக் கற்பதற்கான ஆயத்தத்தோடும் ஆர்வத்தோடும் மூளை பிறக்கிறது. எழுத்து, பின்னங்கள், இயற்கணிதம், இயக்க விதிகள் ஆகியவை இரண்டாம்நிலை அறிவு. இவை பண்பாடு உண்டாக்கியவை. இவற்றைக் கற்பதற்கென்று இயற்கைத் தேர்வு மூளையில் தனி ஏற்பாடு எதையும் செய்து வைக்கவில்லை. செய்ய அதற்கு நேரம் இருந்ததா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள் ஆகின்றன. அந்த நெடுங்காலத்தை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையுள்ள ஒரே நாளாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். மெசபடோமியாவில் எழுத்து பிறந்து ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தாம் ஆகின்றன. நம் நாளில் அது இரவு 11 மணி 36 நிமிடத்துக்கு வந்து சேர்கிறது. நியூட்டனின் பிரின்சிபியா வெளியான 1687, நாள் முடிய ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது வருகிறது. எழுத்து பிறந்த பிறகும் நெடுங்காலம் அது ஒரு சிலர் கையில்தான் இருந்தது. ஆக, நாள் முழுதும் வேறு வேலைக்குப் பழகிய மூளையைக் கடைசி நிமிடத்தில் வகுப்பில் உட்கார வைத்து, "கவனி!" என்கிறோம்.

பிறந்த குழந்தைக்கு என்ன தெரியும்?

முதல்நிலை அறிவு என்று ஒன்று இருப்பது எப்படித் தெரியும்? பேச வராத குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாதே! முடியும். குழந்தை எதிர்பாராததைக் கண்டால் அதை நெடுநேரம் உற்றுப் பார்க்கும். அந்த நேரத்தை அளந்தால் போதும்.

1985-இல் ரெனே பயார்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் ஆகிய மூவர் ஐந்து மாதக் குழந்தைகளின் முன் ஒரு திரைப்பலகையை வைத்தனர். அது கீலில் பொருத்திய கதவு போல முன்னும் பின்னும் சாயக்கூடியது. பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் குழந்தை பார்க்கும்படி வைத்தனர். பலகை நிமிர்ந்து பெட்டியை மறைத்துப் பின்புறம் சாய்ந்தது. சில வேளைகளில் பெட்டியில் தட்டி நின்றது. சில வேளைகளில், பெட்டியைக் கமுக்கமாக அகற்றிவிட்டதால், பெட்டி இருந்த இடத்தையும் கடந்து முழுவதும் சாய்ந்தது. இரண்டாவது காட்சியைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் அங்கேயே இருக்கும், ஒரு திண்பொருளுக்குள் மற்றொன்று புகாது என்ற எதிர்பார்ப்பு ஐந்து மாதத்திலேயே இருக்கிறது என்று ஆய்வாளர் கொண்டனர்.

1992-இல் கேரன் வின் இதே முறையில் எண்ணிக்கையைச் சோதித்தார். மேடையில் ஒரு பொம்மை. திரை எழுகிறது. இன்னொரு பொம்மையை ஒரு கை திரைக்குப் பின்னால் கொண்டு வைக்கிறது. திரை இறங்கும்போது ஒரே பொம்மை நின்றால் ஐந்து மாதக் குழந்தைகள் நெடுநேரம் உற்றுப் பார்த்தன. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ஒன்றல்ல!

ஆனால் இந்த இயற்கைக் கணக்கு எவ்வளவு தூரம் போகும்? பிரேசில் நாட்டின் அமேசான் பகுதியில் வாழும் முண்டுருக்கு மக்களின் மொழியில் ஐந்துக்கு மேல் எண்ணுப்பெயர்கள் இல்லை. பியர் பிகாவும் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் உள்ளிட்ட குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய புள்ளிக் கூட்டங்கள் இரண்டில் எது பெரிது என்று சொல்வதில் அம்மக்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். துல்லியமான கழித்தல் என்று வந்தபோதுதான், எண்கள் நான்கு ஐந்தைத் தாண்டியதும், தடுமாறினர். தோராயம் உடன் பிறந்தது. துல்லியம் எண்ணுப்பெயரும் பயிற்சியும் தந்தது.

புலிக்கு இடம் வலம் இல்லை

எழுத்தைக் கற்க மூளையில் தனி உறுப்பு இல்லையென்றால் நாம் எப்படித்தான் படிக்கிறோம்? டெஹேன் தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தது. மூளை பழைய கருவியை இரவல் வாங்குகிறது என்கிறார் அவர். முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்பதற்கென இருந்த பார்வைப் பகுதியில் ஒரு துண்டு, பயிற்சியினால் எழுத்துக்கு மாற்றப்படுகிறது. இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில், எந்த மொழியைப் படிப்பவருக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் அது அமைகிறது.

இரவல் கருவிக்குப் பழைய பழக்கங்கள் இருக்கும் அல்லவா? காட்டில் புலி இடப்புறமாகத் திரும்பி நின்றாலும் வலப்புறமாகத் திரும்பி நின்றாலும் புலிதான். திரும்பி நிற்கும் புலியை வேறு விலங்கு என்று எண்ணியவன் நமக்குத் தாத்தாவாகியிருக்க மாட்டான். ஆகவே இடவல மாற்றத்தைப் பொருட்படுத்தாதே என்று மூளை பழகியிருக்கிறது. இப்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் 'பி'யையும் 'டி'யையும் பாருங்கள். கோட்டின் வலப்புறம் வயிறு இருந்தால் 'பி'. இடப்புறம் இருந்தால் 'டி'. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றே மற்றொன்று. பழைய பழக்கப்படி இரண்டும் ஒரே எழுத்து! எழுதத் தொடங்கும் குழந்தைகள் எழுத்துகளைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பி எழுதுவது உலகெங்கும் காணப்படுவதே. உங்கள் தம்பியோ தங்கையோ அப்படி எழுதினால் விரல் முட்டியில் அடிக்க வேண்டியதில்லை. பழகப் பழகப் பெரும்பாலும் சரியாகிவிடும்.

2010-இல் டெஹேனின் குழுவினர் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் எழுத்தறியாதவர்கள், சிறு வயதில் பள்ளியில் படித்தவர்கள், வளர்ந்த பிறகு எழுத்தறிவு பெற்றவர்கள் ஆகியோரின் மூளையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் அந்த எழுத்துப் பகுதி வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

நம் தலைக்குள் ஒரு பழைய இயற்பியல்

இனி என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்கிளாஸ்கியும் தோழர்களும் 1980-இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு படம் காட்டினார்கள். மேசைமீது சுருளாக வளைத்து வைத்த குழாய். அதன் ஒரு முனையில் செலுத்திய குண்டு மறுமுனையில் வெளிவருகிறது. அதன் பாதை என்ன? நேர்கோடு. ஆனால் பலர் வளைந்த பாதையை வரைந்தார்கள், சுருளின் வளைவை அந்தக் குண்டு நினைவில் வைத்திருப்பது போல! பின்னர் 1983-இல் வேறொரு கேள்வி. நடந்து செல்பவர் கையிலிருந்து குண்டு நழுவினால் எங்கே விழும்? ஏறத்தாழப் பாதிப் பேர், நழுவிய இடத்துக்கு நேர் கீழே என்றனர். உண்மையில் குண்டு முன்னோக்கிச் சென்றுகொண்டே விழும்.

இதில் வியப்பு என்னவென்றால், இந்தத் தவறுகள் கண்டபடி செய்த தவறுகள் அல்ல. எறிந்தவன் பொருளுக்குள் ஓர் உந்துதலைச் செலுத்துகிறான், அது தீரும் வரை பொருள் ஓடும் என்று 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிதான் என்ற அறிஞர் கற்பித்தார். நம் மாணவர்களின் மேல் அம்பு அதற்கு மிக அருகில் இருக்கிறது. அவர்களில் எவரும் புரிதானைப் படித்ததில்லை. மாட்டு வண்டியும் மிதிவண்டியும் தள்ளினால் ஓடி, விட்டால் நிற்கும் உலகில், உராய்வு எங்கும் நிறைந்த உலகில், அந்த நம்பிக்கை நன்றாகவே பயன்படுகிறது. கல் எறிந்து வேட்டையாடியவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இங்கே நான் சற்று நிதானிக்க விரும்புகிறேன். இந்த நம்பிக்கை பரிணாமத்தின் கொடையா, அல்லது நடை பழகிய நாள் முதல் உராய்வு நிறைந்த உலகில் நாமே பெற்ற அனுபவமா? மெக்கிளாஸ்கி, நேர் கீழே விழும் என்ற எண்ணத்துக்கு ஒரு கண்மயக்கைக் காரணம் காட்டினார்: நடப்பவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் குண்டு நேராக விழுவது போலவே தோன்றுகிறது. இதற்கு மூதாதையரைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. எலும்பு கல்லாகிக் கிடைக்கும். எண்ணம் அப்படிக் கிடைக்காது. ஆகவே பரிணாம உளவியலில், முடிவைக் கண்ட பிறகு அதற்கேற்ற கதையைக் கட்டிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அத்துறையைக் குறைகூறுபவர்கள் சொல்வதும் இதுவே. குழந்தைகளின் எண்ணுணர்வு பற்றிய சான்று வலுவானது. இயக்கம் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்குப் பரிணாமத்தைக் காரணம் காட்டுவது எனக்கு முழு நிறைவு தரவில்லை.

விளையாட்டா, பயிற்சியா?

இதே பரிணாமச் சிந்தனையிலிருந்து இரண்டு அறிஞர்கள் நேர் எதிரான முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். பாஸ்டன் கல்லூரியின் பீட்டர் கிரே, வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சமூகங்களின் குழந்தைகள் வயது வேறுபாடின்றி ஒன்றாக விளையாடியே எல்லாம் கற்றார்கள் என்பதைச் சுட்டிக்காட்டுகிறார். ஆர்வமும் விளையாட்டும் கற்பதற்காக இயற்கை தந்த கருவிகள். பள்ளிகள் அவற்றை அடைத்து வைக்கின்றன என்பது அவர் கருத்து. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1968 முதல் நடந்துவரும் சட்பரி வேலி பள்ளியை அவர் உதாரணம் காட்டுகிறார். அங்கே கட்டாயப் பாடமோ தேர்வோ இல்லை. எதை எப்போது கற்பது என்பது மாணவர் விருப்பம்.

கியரி இதை ஒப்புவதில்லை. விளையாட்டு முதல்நிலை அறிவை வளர்க்கும். இயற்கணிதத்தைத் தானாகக் கொண்டுவராது என்கிறார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்வெல்லரும் அவர் பக்கம் நிற்கிறார். புதிய செய்தியை நாம் மனத்தில் ஏந்தி வைக்கும் இடம் மிகச் சிறியது. ஒரே வேளையில் நான்கைந்து கூறுகள் சேர்ந்தாலே நிரம்பி வழியும். ஆகையால் தொடக்கத்தில், செய்து காட்டிய கணக்குகளைப் படிப்படியாகப் பின்பற்றுபவன், தானே விழி பிதுங்கித் தேடுபவனைவிட நன்றாகக் கற்கிறான் என்று ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள். ஒரு புதிய பாடம் "தலைக்குள் போகவில்லை" என்று நீங்கள் சொல்வது பல வேளைகளில் அந்தச் சிறிய இடம் நிரம்பிவிட்டதையே குறிக்கும்.

நான் ஆசிரியன், எனவே கியரியின் பக்கம் சாய்வது எனக்கு வசதி. அதனால்தான் பிரேசிலின் ரெசீஃப் நகரத் தெருக்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரிடம் தெரெசின்யா நூனெஸும் தோழர்களும் வாடிக்கையாளர் போலச் சென்று விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ; பத்து என்ன விலை? "பத்தால் பெருக்கினால் ஒரு சுழி சேர்" என்ற பள்ளி வழியை அந்தப் பையன் தொடவில்லை. மும்மூன்று காய்களாக, 105, 210, 315 என்று கூட்டி, மீதி ஒன்றையும் சேர்த்து 350 என்றான். தெருவில் அவர்கள் 100-க்கு 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைப் பின்னர் காகிதத்தில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. 1985-இல் வெளியான இந்த ஆய்வு, பெருக்கல் பண்பாட்டின் படைப்பே ஆனாலும், வாழ்க்கையோடு ஒட்டிக் கிடந்தால் பள்ளி மேசை இல்லாமலும் கைவருகிறது என்று காட்டுகிறது. முதல்நிலை, இரண்டாம்நிலை என்று கியரி போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை.

எனினும் அந்தக் கோட்டினால் எனக்கு ஒன்று விளங்கியது. துறை அறைக்கு வந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான். பேச்சு எல்லாருடைய பரம்பரைச் சொத்து. நியூட்டனின் விதிகளோ எவருடைய பரம்பரையிலும் இல்லை. ஆசிரியரின் பரம்பரையிலும் இல்லை. நியூட்டனுடைய பரம்பரையிலேயே இல்லை, அவர் தந்தைக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. சிலர் வீட்டில் புத்தகம் இருந்திருக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருக்கும். அது வீட்டு வசதி, இரத்தம் அன்று. ஒரு குலத்துக்கோ ஓர் ஊருக்கோ படிப்பு ஏறாது என்று பரிணாமத்தின் பெயரால் பேசுவோர் இந்த ஆய்வைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறார்கள்.

கற்றுவிட்டால் பழைய நம்பிக்கை அழிந்துவிடுமா? 2012-இல் ஆண்ட்ரூ ஷ்டுல்மனும் ஜோஷுவா வால்கார்செலும் கல்லூரி மாணவர்களிடம் 200 கூற்றுகளைக் கொடுத்து, சரியா தவறா என்று விரைந்து சொல்லச் செய்து, நேரத்தை அளந்தார்கள். "நிலவு புவியைச் சுற்றுகிறது" என்பதற்குச் சட்டென்று விடை வந்தது. கண்ணுக்குத் தெரிவதும் அறிவியல் சொல்வதும் அங்கே ஒன்றே. "புவி சூரியனைச் சுற்றுகிறது" போன்ற கூற்றுகளுக்கு விடை சொல்லத் தாமதமாயிற்று, தவறுகளும் கூடின. பள்ளியில் நெடுநாள் முன்பே கற்ற உண்மைதான். இருந்தும் சூரியன் எழுவதையும் விழுவதையும் கண்ட பழைய அறிவு உள்ளே ஒரு கணம் தடுத்துப் பார்க்கிறது.

சரி, உங்கள் தாளுக்குத் திரும்புவோம். நாணயத்தின் தலைமேல் ஓர் அம்பு போட்டிருந்தால் அழித்துவிட வேண்டாம். பக்கத்தில் சரியான படத்தையும் வரைந்து வையுங்கள். இன்று மாலை வீட்டில் பாட்டியிடமோ மாமாவிடமோ நாணயத்தைச் சுண்டிக் காட்டி, "இது ஏன் கொஞ்ச தூரம் ஏறி, அப்புறம் நின்று, கீழே வருகிறது?" என்று கேளுங்கள். திருத்தாமல், அவர்கள் சொல்லும் காரணத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னது பாரிஸின் புரிதானுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, நியூட்டனுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மறுநாள் வகுப்பில் நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.